முட்டையின் மேல் கறுப்பு மணிகள்

எமது பெண்கள் குழுக் கூட்டங்களில் முட்டையைப் பற்றிப் பேசாத மாதம் கிடையாது. கணவரை இழந்த பெண்களுக்கும், கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்களுக்கும் வன்னியில் வழங்கப்பட்ட வாழ்வாதார உதவிகளில் கோழி வளர்ப்பு மிகவும் வழமையான ஒன்று. எத்தனை குஞ்சு தப்பியது, எத்தனையைக் கீரி பிடித்தது, கடைக்காரர் ஒரு முட்டைக்கு என்ன விலை தருகிறார் என்றெல்லாம் கொப்பியில் எழுதிக் கணக்குப் பார்ப்போம். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் கோழித்தீனின் விலை ஏறியபோதும், 2023இல் அரசாங்கம் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்தபோதும் அந்தக் கொப்பிக் கணக்குகள் எல்லாம் தலைகீழாயின. ஆனால் ஒரு கேள்வி மட்டும் அந்தக் கொப்பிகளில் இடம்பெறுவதில்லை. விற்றது போக மிஞ்சிய முட்டையை வீட்டில் யார் சாப்பிடுகிறார்?

சமூகவியல் படித்த காலத்தில், குடும்பத்தினுள் அதிகாரம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக வாசித்திருக்கிறேன். களத்தில் வேலை செய்யத் தொடங்கிய பின்னர், முட்டை யாருடைய கோப்பையில் விழுகிறது என்று பார்த்தாலே பாதி விடயம் விளங்கிவிடும் எனத் தெரிந்துகொண்டேன். முதலில் ஆண் பிள்ளை, பிறகு சோதனைக்குப் படிக்கிற பிள்ளை, பிறகு வீட்டிலுள்ள முதியவர். அம்மாவின் முறை வரும்போது முட்டை முடிந்திருக்கும். "எனக்கு உந்த மணம் பிடிக்காது மிஸ்" என்று சொல்லும் அம்மாக்கள் பலரை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே பிடிக்காது என்பது அவர்களுக்கே மறந்து போயிருக்கும்.

இந்த மாதம் நான் எழுத விரும்புவது ஒரு முட்டைப் பலகாரத்தைப் பற்றி. பெரிய ஹோட்டல்களில், பிரதான உணவுக்கு முன்னர் பசியைத் தூண்டுவதற்காகச் சிறிய தட்டில் கொண்டு வந்து வைப்பார்கள். பாதி முட்டை, அதன் மேல் பூப்போல ஒரு குவியல் மஞ்சள் கரு, அதற்கும் மேலே பளபளக்கும் கறுப்பு மணிகள். அந்த மணிகளின் பெயர் கேவியர். உலகின் மிக விலையுயர்ந்த உணவுகளில் அதுவும் ஒன்று. போரில் எல்லாவற்றையும் இழந்த பெண்கள் வாசிக்கும் ஏட்டில் இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எமது குழுவிலுள்ள ஒரு தாயின் மகள் இன்று இதைச் செய்துதான் சம்பளம் எடுக்கிறாள். எழுதுவதற்கு அந்த ஒரு காரணமே போதும் என நினைக்கிறேன்.

2009இல் செட்டிகுளம் முகாமுக்குத் தாயும் மகளுமாக வந்து சேர்ந்தபோது அவளுக்கு எட்டு வயது. தகப்பன் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே ஷெல் விழுந்து இறந்துவிட்டார். ஊருக்குத் திரும்பிய பிறகு தாய் தோட்டக் கூலிக்குப் போனார், இடியப்பம் அவித்து விற்றார், கோழி வளர்த்தார். உயர்தரம் எழுதிய மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. ஹோட்டல் சமையற் பயிற்சிநெறி ஒன்றிற்கு விண்ணப்பித்து, தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழும் பெற்று, தெற்கில் ஒரு கடற்கரை ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது அவளுக்கு வேலை குளிர் குசினியில். சூடில்லாத உணவுகளையும் அலங்காரத் தட்டுக்களையும் தயாரிக்கும் பகுதியை அங்கே அப்படித்தான் அழைப்பார்களாம்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. மகள் கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறாள் என்றுதான் தாய் ஊரில் சொல்லி வைத்திருந்தார். உண்மை என்னையும் இன்னும் இரண்டு பேரையும் தவிர வேறு எவருக்கும் தெரியாது. "ஹோட்டலில வேலை செய்யிற பெட்டையை ஆர் பிள்ளை கட்டுவினம்?" என்று அவர் என்னிடம் பல தடவை கேட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. தகப்பனில்லாத பெண் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே வந்தால் அது எப்படி வளரும் என்பதை இருபது வருடங்களாகப் பார்த்து வருபவர் அவர்.

விடுமுறையில் வந்திருந்த பிள்ளை, தாயோடு எமது மாதாந்தக் கூட்டத்திற்கு வந்தாள். யாரோ ஒருவர், "எந்தக் கந்தோர் தங்கச்சி?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அவள் தாயின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, "கந்தோர் இல்லை அன்ரி. நான் ஹோட்டலில சமைக்கிறன்" என்றாள்.

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. தாய் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அமைதியைக் கலைத்தவர் எமது குழுவின் மிக மூத்த அம்மா. "அப்ப அங்க என்ன பிள்ளை சமைக்கிறனீ? சோறு கறியோ?" என்றார். அவள் தன் கைத்தொலைபேசியில் இருந்த படமொன்றைக் காட்டினாள். தொலைபேசி கை மாறிக் கை மாறிச் சுற்றி வந்தது.

"உதுக்கு மேல கறுப்பா என்ன? கடுகோ?"

"இல்லை அம்மம்மா, மீன்ர சினை."

"மீன் சினையோ! உதையோ வெள்ளைக்காரர் காசு குடுத்துத் தின்னுறது?"

அப்போது எழுந்த சிரிப்பு, அந்த மண்டபத்தில் நான் நீண்ட நாட்களாகக் கேட்காத சிரிப்பு. அதன் பின்னர் கேள்விகள் ஓயவில்லை. அன்று அவள் சொன்னவற்றையும், பிறகு நான் தேடி வாசித்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் முட்டை. அன்றிட்ட முட்டை இதற்கு ஆகாது. புதிய முட்டையை அவித்து உரித்தால் ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வரும். ஒரு கிழமை, பத்து நாட்கள் குளிரில் இருந்த முட்டைதான் வழுவழுப்பாக உரிபடும். ஓட்டிலுள்ள நுண்ணிய துளைகள் வழியாகக் காபனீரொட்சைட்டு வாயு மெல்ல வெளியேறுவதால் வெள்ளைக் கருவின் தன்மை மாறுகிறது, அதுதான் காரணம். ஊர்க்கோழி முட்டையை உரிக்க முடியாமல் அலுத்துப்போகும் எமக்கு இது பயனுள்ள செய்தி. கொதிக்கும் நீரில் முட்டையை மெதுவாக இறக்கி, முதல் இரண்டு மூன்று நிமிடங்களுக்குக் கரண்டியால் உருட்டிக்கொண்டே இருந்தால் மஞ்சள் கரு ஒரு பக்கம் ஒதுங்காமல் நடுவிலே நிற்கும். ஒன்பது, பத்து நிமிடங்களில் எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டுவிட வேண்டும். கூடுதலாக அவிந்தால் மஞ்சளைச் சுற்றிச் சாம்பற் பச்சையாக ஒரு வளையம் தோன்றும். வெள்ளையிலுள்ள கந்தகமும் மஞ்சளிலுள்ள இரும்பும் சேர்வதால் வருவது அது. உடலுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஹோட்டலில் அந்த முட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உரித்த முட்டையை நனைத்த கத்தியால் நீளவாக்கில் வெட்டி, மஞ்சளை எடுத்து அரிதட்டில் தேய்க்க வேண்டும். கட்டியே இருக்கக்கூடாது. ஆறு முட்டை மஞ்சளுக்கு மூன்று மேசைக்கரண்டி மயோனைஸ், சிறிது அரைத்த கடுகு, சில துளி தேசிக்காய்ப்புளி, வெள்ளை மிளகுத்தூள். உப்பு மிகக் குறைவு, ஏனென்றால் மேலே வரப்போகும் சினை ஏற்கெனவே உப்பானது. இந்தக் கலவையை நட்சத்திர வாயுள்ள குழல் பொருத்திய பைக்குள் போட்டு, வெள்ளைக் குழிக்குள் பூப்போலப் பிழிவார்கள். முட்டை தட்டில் உருளாமல் இருக்க அடிப்பக்கத்தில் மெல்லிய ஒரு சீவல் சீவி விடுவார்கள். மேசைக்குப் போகும் கடைசி நிமிடத்தில் ஒரு சிறு கரண்டி கேவியர். அவ்வளவுதான்.

இன்னொரு முறையும் இருக்கிறது. அது இன்னும் நுட்பமானது. முட்டையின் தலைப்பக்கத்தை வட்டமாக வெட்டி உள்ளிருப்பதை வெளியே எடுத்து, ஓட்டைச் சுடுநீரில் கழுவி உட்தோலையும் அகற்றி வைப்பார்கள். கருவைப் பட்டருடன் மிக மெல்லிய நெருப்பில் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். முட்டையின் வெள்ளை 62 பாகை செல்சியசில் இறுகத் தொடங்கும், மஞ்சள் அதற்குச் சற்று மேலே. ஆகவே கஞ்சிப் பதத்தில் தாச்சியை இறக்கிவிட வேண்டும், இறக்கிய பின்னும் சூடு வேலை செய்யும். அதை மீண்டும் ஓட்டுக்குள் ஊற்றி, அடித்த கிறீமும் அதன் மேல் கேவியரும் வைத்து, முட்டைக் கிண்ணத்தில் நிறுத்திக் கொடுப்பார்கள். பிரான்சில் பிறந்து நியூயோர்க்கில் பேர்பெற்ற சமையற்காரரான ஜோன் ஜோர்ஜ் வொங்கரிஷ்டன் இந்தப் பலகாரத்தால் பிரபல்யமானவர். வெறும் ஓடு என்று நாம் உரமாகப் போடும் பொருள் அங்கே கிண்ணமாகிறது.

இனி அந்தக் கறுப்பு மணிகள். கேவியர் என்ற பெயருக்கு உண்மையில் உரித்துடையது ஸ்டர்ஜன் என்ற மீனினத்தின் சினை மட்டுமே. டைனோசர்கள் வாழ்ந்த காலத்திலிருந்தே பூமியில் இருந்துவரும் பழைய மீனினம் அது. கஸ்பியன் கடலிலும் கருங்கடலிலும் அவற்றில் விழும் ஆறுகளிலும் பெருமளவில் வாழ்ந்தது. ரஷ்யாவும் ஈரானும் கேவியருக்குப் பெயர்போனது அதனால்தான். பெலூகா, ஒசெட்ரா, செவ்ருகா என்று மூன்று பெயர்கள் பிரபல்யமானவை. இவற்றில் பெரியது பெலூகா. அதன் பெண் மீன் முதற்தடவை சினை வைப்பதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம்.

சினைப்பையை எடுத்து, வலை போன்ற அரிதட்டில் மெல்லத் தேய்த்து மணிகளைப் பிரிப்பார்கள். குளிர்ந்த நீரில் கழுவி, நீரை வடியவிட்டு, நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு உப்பு மட்டும் கலந்து தகரப் பேணிகளில் அடைப்பார்கள். குறைந்த உப்பிட்டதை ரஷ்ய மொழியில் மலசோல் என்பார்கள். அதை அவிப்பதில்லை, பொரிப்பதில்லை. பனிக்கட்டியின் மேல் வைத்துத்தான் பரிமாறுவார்கள். வெள்ளிக் கரண்டி சுவையைக் கெடுக்கும் என்று முத்துச்சிப்பியின் உட்புறத்தில் செய்த கரண்டியைப் பாவிப்பார்கள். "எங்கட கடற்கரையில சிப்பியைக் கால்ல குத்துது எண்டு எறிஞ்சு போட்டு வாறம்" என்று மன்னாரிலிருந்து கலியாணம் முடித்து வந்த ஓர் அக்கா சொன்னார்.

உண்மையான கேவியர் ஒரு கிலோ பல நூறு டொலர் முதல் பல ஆயிரம் டொலர் வரை விலைபோகும். எல்லா ஹோட்டல்களிலும் எல்லா விருந்துகளிலும் அது இருக்காது. சாதாரண விருந்துகளில், ஐஸ்லாந்துப் பக்கத்துக் குளிர்கடல்களில் பிடிபடும் லம்ப் மீனின் சினைக்குக் கறுப்புச் சாயமிட்டதையே வைப்பார்கள். சமன் மீனின் செந்நிறச் சினையும் உண்டு. "வாறவைக்கு வித்தியாசம் தெரியுமோ?" என்று ஒருவர் கேட்டார். "கன பேருக்குத் தெரியாது அன்ரி. கறுப்பா இருந்தாச் சரி" என்றாள் அந்தப் பிள்ளை.

அந்தப் பதிலிலே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் டெலவேர் ஆற்றில் ஸ்டர்ஜன் மீன் நிறைந்திருந்தது. அக்காலத்தில் அங்குள்ள மதுச்சாலைகளில் கேவியரை இலவசமாகவே வைத்தார்கள். உப்பானதைச் சாப்பிட்டால் தாகம் எடுக்கும், இன்னொரு குவளை பியர் விற்கும் என்பதுதான் நோக்கம். சில பத்தாண்டுகளிலேயே கண்மண் தெரியாமல் பிடித்து மீனை முடித்துவிட்டார்கள். மீன் அருக, விலை ஏறியது. விலை ஏற, அதைச் சாப்பிடுவது கௌரவமாயிற்று. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பின்னர் கஸ்பியன் கடலிலும் களவு மீன்பிடி பெருகியது. 1998 முதல் ஸ்டர்ஜன் இனங்கள் அனைத்தினதும் சர்வதேச வர்த்தகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. இன்று சந்தைக்கு வருவதில் மிகப் பெரும்பகுதி பண்ணைகளில் வளர்த்த மீனின் சினை. அதை உலகிலேயே அதிகம் உற்பத்தி செய்யும் நாடு சீனா.

தோஸ்டைன் வெப்லன் என்ற அறிஞர் 1899ஆம் ஆண்டு எழுதிய நூலில், வசதி படைத்தவர்கள் தம் வசதியைப் பிறர் காண வேண்டும் என்பதற்காகவே சில பொருட்களை நுகர்கிறார்கள் என்று விளக்கியிருந்தார். பரீட்சைக்காக அதைப் பாடமாக்கினேன். பொருளுக்கு மதிப்பு அதன் உள்ளே மட்டும் இருப்பதில்லை, பார்ப்பவர்களும் சேர்ந்தே அதை ஏற்றுகிறார்கள் என்பது அதன் சாரம். இலவசமாகக் கொடுத்த மீன் சினை முத்துச்சிப்பிக் கரண்டிக்கு உயர்ந்தது அப்படித்தான். வேலைக்கும் இது பொருந்தும். வீட்டுக் குசினியில் பெண் சமைத்தால் அது கடமை, ஒருவரும் கூலி என்று நினைப்பதில்லை. வெள்ளைத் தொப்பியோடு ஆண் சமைத்தால் அவர் 'செவ்'. அதே தொப்பியை எங்கள் பெட்டை போட்டால் மட்டும் ஊர் வேறு கதை கதைக்கிறது. இதை அன்று கூட்டத்தில் சொன்னேன். பலர் தலையாட்டினார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டேன்.

மறுநாள் அந்தப் பிள்ளை தன் வீட்டிலேயே செய்து காட்டுவதாகச் சொன்னாள். பதினாறு பேர் போனோம். முட்டைகள் அவர்களுடைய கோழிகள் இட்டவை. கேவியருக்கு நாங்கள் எங்கே போவது? காலையில் சந்தையில் வாங்கிய மீனின் சினையை எடுத்து, மஞ்சளும் உப்பும் சேர்த்துப் பத்து நிமிடம் நீராவியில் அவித்து உதிர்த்தாள். தாச்சியில் சிறிது எண்ணெய் விட்டு, உள்ளி, கறிவேப்பிலை, நிறைய மிளகுத்தூள் போட்டு மணி மணியாக வரும்வரை பிரட்டி, இறக்கித் தேசிக்காய் பிழிந்தாள். மயோனைசுக்குப் பதில் மாஜரினும் தேசிக்காய்ப்புளியும் பொடியாக அரிந்த சின்ன வெங்காயமும். குழலுக்குப் பதில் மூலை வெட்டிய பொலித்தீன் பை. "எங்கட கேவியர் மஞ்சள் நிறம்" என்றாள்.

இரண்டு எச்சரிக்கைகளையும் அவள் சொன்னாள். ஹோட்டலில் போல எங்கள் வெயிலில் மீன் சினையைப் பச்சையாக உண்ணக்கூடாது. செய்த முட்டையை வெளியே இரண்டு மணித்தியாலத்திற்கு மேல் வைக்கவும் கூடாது. நான் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தேன். பேத்தை மீனின் சினை கொடிய நஞ்சு. எவ்வளவு அவித்தாலும் பொரித்தாலும் அந்த நஞ்சு போகாது. என்ன மீனின் சினை என்று தெரியாவிட்டால் தொடவே வேண்டாம்.

ஒரு பீங்கான் தட்டில் இருபத்து நான்கு பாதி முட்டைகள். தட்டு சுற்றி வந்தபோது ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்தார்கள். ஆனால் அரைவாசிப் பேர் வாயில் வைக்கவில்லை. ஒருவர் சேலைத் தலைப்பில் பொதிந்தார். இன்னொருவர் கைப்பையிலிருந்த கடதாசியைத் தேடினார். "சின்னவனுக்குக் கொண்டு போறன்" என்றார். எந்தக் கூட்டத்திலும் தேநீருக்குக் கொடுக்கும் கேக்கும் றோல்சும் இப்படித்தான் வீட்டுக்குப் போகும். அது எமக்குப் பழகிவிட்ட ஒன்று.

அந்தப் பிள்ளை அதைக் கண்டாள். "இஞ்ச பாருங்கோ, பிள்ளையளுக்கு வேறயா வச்சிருக்கிறன். இது உங்களுக்கு. சாப்பிட்டு எப்பிடி எண்டு சொல்லுங்கோ. அங்க நான் செய்யிறதை ஆர் சாப்பிடுகினம் எண்டு எனக்குத் தெரியாது. தட்டுத் திரும்பி வரேக்க வெறுமையா இருந்தா நல்லம் எண்டு நினைப்பன். சாப்பிடுற முகத்தை நான் இண்டைக்குத்தான் பாக்கப் போறன்" என்றாள்.

சேலைத் தலைப்பு அவிழ்ந்தது. கடதாசியும் விரிந்தது. முட்டையின் மணம் பிடிக்காது என்று ஐந்து வருடங்களாக என்னிடம் சொல்லி வந்த ஓர் அம்மா, இரண்டு எடுத்தார். எல்லோருடைய பார்வையும் பிள்ளையின் தாயின் பக்கம் திரும்பியது. அவர் மென்று விழுங்கினார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "உப்புக் காணாது" என்றார். பிறகு தட்டைக் கையிலெடுத்து, வேலியருகே நின்ற அயல் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, "இந்தா, என்ர மகள் செய்தது. ஹோட்டலில இதுதான் அவளுக்கு வேலை" என்று நீட்டினார்.

இதனால் ஊர் ஒரு நாளில் மாறிவிட்டதாக நான் எழுதப் போவதில்லை. பின்னர் இரண்டு பெண்கள் அதே பயிற்சிநெறிக்கான விண்ணப்பப் படிவத்தைக் கேட்டு என்னிடம் வந்தார்கள். ஒருத்தி சேர்ந்துவிட்டாள். மற்றவளின் தமையன் படிவத்தைக் கிழித்தெறிந்துவிட்டார். அந்த வீட்டுக்கு நான் இன்னும் போய்வந்துகொண்டிருக்கிறேன்.

தாய்மாரின் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அச்சத்திற்கு மருந்து விசாரித்து அறிவதுதான். பிள்ளையை ஹோட்டல் வேலைக்கு அனுப்ப நினைப்பவர்கள் இவற்றைக் கேளுங்கள். நியமனக் கடிதம் தருவார்களா? இரவு முறை வேலை முடிந்தால் தங்குமிடத்திற்கு வாகனம் உண்டா? பெண்களுக்குத் தனியான தங்குமிடமா, அங்கு பொறுப்பாக யார்? ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கு கழிக்கப்பட, தொழில் கொள்வோர் 12 பங்கு சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3 பங்கு அவர்களே செலுத்த வேண்டும். அதற்குரிய இலக்கம் தந்திருக்கிறார்களா? வாடிக்கையாளர் கட்டும் சேவைக் கட்டணத்தில் ஊழியருக்கு என்ன பங்கு? வேலைத்தலத்தில் பாலியல் தொந்தரவு செய்வது, 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். பெண்களுக்கான அரச உதவி இலக்கமான 1938ஐத் தொலைபேசியில் பதிந்து கொடுங்கள். இவற்றுக்கெல்லாம் ஒழுங்கான பதில் தரும் இடம் அனுப்பக்கூடிய இடம். பதில் தராமல் மழுப்பும் இடம், அது கந்தோராக இருந்தாலும் சரி, வேண்டாம்.

சகோதரிகளே, பேணியில் அடைத்த கேவியர் எங்கள் வீடுகளுக்கு வரப்போவதில்லை, அது வரவேண்டிய அவசியமும் இல்லை. ஒரு முட்டையில் ஏறக்குறைய ஆறு கிராம் புரதம் இருக்கிறது. கூலி வேலை செய்யும், பால் கொடுக்கும், சோகை பிடித்த உடம்புக்கு அது தேவை. கொப்பியில் எத்தனை விற்றது, எத்தனை அடைக்கு வைத்தது என்று எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் இனி ஒரு கோடு கீறுங்கள். "நான் சாப்பிட்டது" என்று தலைப்புப் போடுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தக் கணக்கையும் நான் பார்ப்பேன்.